போன் வீடியோவ டிவிடி பிளேயர்ல ஓட வைக்கிறது எப்படி: கன்வர்ட் பண்றதுல இருந்து பர்ன் பண்றது வரைக்கும்

கல்யாண வீடியோ, குழந்தையோட காதுகுத்து, ஊர் கோயில் திருவிழா எல்லாமே இப்ப போன்லயும் பென்டிரைவ்லயும் தான் கெடக்கு, ஆனா அத ஆசையா திரும்பத் திரும்ப பாக்கற பெரியவங்க வீட்ல நெறய எடத்துல இன்னும் இருக்கறது ஒரு டிவிடி பிளேயர் தான். அவங்களுக்கு கேபிள் மாத்தறது, ஆப் திறக்கறது எல்லாம் வேண்டாம், டிஸ்க்க உள்ள தள்ளுனா படம் வரணும். அந்த மாதிரி ஒரு டிஸ்க்க நம்ம கம்ப்யூட்டர்லயே, காசு குடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்காம செஞ்சுடலாம். இதுவரைக்கும் ஒரு தடவ கூட செஞ்சதில்லாதவங்களுக்குத்தான் இத எழுதறேன், அதனால தெரிஞ்சவங்களுக்கு சில எடம் மெதுவா போற மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க.

புதுசா செய்யறவங்க பெரும்பாலும் மாட்டிக்கற எடம் ஒன்னு தான். எம்பி4 ஃபைல அப்படியே காலி டிவிடில காப்பி பண்ணி பர்ன் (டிஸ்க்ல எழுதறது, எரிக்கறதுன்னும் சொல்வாங்க) குடுத்துடுவாங்க. கம்ப்யூட்டர்ல போட்டா ஓடும், பிளேயர்ல போட்டா "அன்நோன் டிஸ்க்"னு வரும், உடனே டிஸ்க் மட்டம்னு நெனச்சு இன்னொன்னு எரிப்பாங்க, அதுவும் அதே கதை தான். டிஸ்க் மேல தப்பே இல்ல. எரிக்கறது கடைசி பத்து நிமிஷ வேலை, அதுக்கு முன்னாடி அந்த பிளேயருக்கு புரியற மாதிரி வீடியோவ மாத்தறது தான் முழு வேலையும். அதனால எந்த சாஃப்ட்வேரையும் திறக்கறதுக்கு முன்னாடி, இந்த டிஸ்க் எந்த பிளேயர்ல ஓடப்போகுதுன்னு முடிவு பண்ணிக்கோங்க. மீதி எல்லா முடிவும் அதுல இருந்து தான் வரும்.

பிளேயருக்கு என்ன புரியும்

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, மோவ் இதெல்லாம் வெளி டப்பா தான். அடுக்களைல ஹார்லிக்ஸ் பாட்டில்ல புளி இருக்கற மாதிரி, பேர பாத்து உள்ள என்ன இருக்குன்னு சொல்ல முடியாது. உள்ள இருக்கற வீடியோ ஹெச்.264ஆ இருக்கலாம், ஹெச்.265ஆ இருக்கலாம், பழைய எக்ஸ்விட்டா இருக்கலாம் (இதெல்லாம் வீடியோவ சுருக்கி வைக்கற முறைகளோட பேரு), ஆடியோ ஏஏசியா எம்பி3யா எதுவாவும் இருக்கலாம். பிளேயர் பாக்கறது உள்ள இருக்கறத தான், அதனால ஃபைல் பேர்ல கடைசி மூணு எழுத்த மட்டும் மாத்தி வச்சா ஒன்னும் நடக்காது.

டிவிடி வீடியோவோட விதிகள் 1996ல ஜப்பான்ல முதல் பிளேயர்கள் விற்பனைக்கு வந்த காலத்துல போட்டது, இன்னைக்கும் அதே தான். வீடியோ எம்பெக்-2ங்கற சுருக்கற முறைல இருக்கணும். அளவு நம்ம ஊர் டிவி முறையான பால்ல (PAL) 720×576, செகண்டுக்கு 25 ஃபிரேம் (தனித்தனி படம்), அமெரிக்கா ஜப்பான் பக்கத்து டிவி முறையான என்டிஎஸ்சில 720×480, செகண்டுக்கு 29.97 ஃபிரேம். வீடியோ பிட்ரேட் (ஒரு செகண்ட் படத்துக்கு செலவாகற டேட்டா) அதிகபட்சம் 9.8 மெகாபிட், ஆடியோ எல்லாம் சேத்து 10.08. ஆடியோ ஏசி3, எம்பி2, இல்லன்னா கம்ப்ரஸ் பண்ணாத பிசிஎம், எதுவா இருந்தாலும் 48 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கணும் (பாட்டு சிடில இருக்கறது 44.1, அதையும் மாத்தி தான் ஆகணும்). இது எல்லாமே "வீடியோ_டிஎஸ்"ங்கற ஃபோல்டர்ல விஓபி, ஐஎஃப்ஓ, பியூபின்னு மூணு வகை ஃபைலா உக்காந்திருக்கும். விஓபில தான் படம் இருக்கும், ஒவ்வொன்னும் 1 ஜிபிக்கு மேல போகாது, ஐஎஃப்ஓ எந்த படம் எங்க ஆரம்பிக்குதுன்னு பிளேயருக்கு சொல்றது, பியூபி அந்த ஐஎஃப்ஓவோட நகல். இந்த அமைப்ப உருவாக்கறதுக்கு பேரு தான் ஆத்தரிங். கன்வர்ட் பண்ணா மட்டும் போதாது, ஆத்தரிங்கும் பண்ணணும், இத தனியா சொல்றேன்னா ஹேண்ட்பிரேக்க வச்சு டிவிடி பண்ணிடலாம்னு நெறய பேர் நெனைக்கறாங்க. ஹேண்ட்பிரேக் ரொம்ப நல்ல சாஃப்ட்வேர், ஆனா அது குடுக்கறது எம்பி4, எம்கேவி, வெப்எம் தான், டிவிடி டிஸ்க் பண்ற வேலை அதுல இல்ல.

உங்க பிளேயர் முன்னாடி "டிவ்எக்ஸ்"னு சின்னம் இருந்தா இன்னொரு வழி இருக்கு. எக்ஸ்விட் வீடியோ, எம்பி3 ஆடியோ, ஏவிஐ டப்பா, அளவு 720×576க்குள்ள, இப்படி மாத்தி சாதா டேட்டா டிஸ்க்கா எரிச்சா போதும், ஆத்தரிங் வேண்டாம், ஒரே டிஸ்க்ல நாலஞ்சு மணி நேர படம் கூட கொள்ளும். ஆவிடெமக்ஸ்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல இத செய்யலாம், எக்ஸ்விட் செட்டிங்ல க்யூபெல், ஜிஎம்சின்னு ரெண்டு இருக்கும், ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க, நெறய பிளேயர் அதுல தடுமாறும். ஃபைல் பேர தமிழ்ல வைக்காம சின்னதா ஆங்கில எழுத்துலயும் நம்பர்லயும் வைங்க, இல்லன்னா பிளேயர் திரைல கட்டம் கட்டமா தெரியும். ஆனா டிஸ்க்க யாருக்காவது குடுக்கப்போறீங்க, அவங்க பிளேயர் என்னன்னு தெரியாதுன்னா இந்த வழி வேண்டாம், ஒழுங்கான டிவிடி வீடியோவாவே பண்ணிடுங்க.

விசிடி இப்ப பண்ண வேண்டிய தேவையே இல்ல, 352×288 அளவுல எம்பெக்-1 வீடியோ, ஒரு சிடில ஒன்னே கால் மணி நேரம் சொச்சம், அவ்ளோ தான். புளூரே பிளேயர் இருக்கறவங்களுக்கு ஹெச்.264ஐ 1920×1080லயே வச்சு 25 ஜிபி டிஸ்க்ல எரிக்கலாம், அதுக்கு புளூரே ரைட்டர் வேணும், அது தனி கட்டுரைக்கான விஷயம்.

ஒரிஜினல் ஃபைல தேடி எடுங்க

இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதமா சொல்வேன். வாட்ஸ்அப்ல வந்த வீடியோவ வச்சு டிஸ்க் பண்ணாதீங்க. வாட்ஸ்அப் ஏற்கனவே அத நசுக்கி சின்னதாக்கி தான் அனுப்பியிருக்கும், அத நீங்க மறுபடி எம்பெக்-2க்கு மாத்துனா முகமெல்லாம் கட்டம் கட்டமா உடஞ்சு தெரியும், பெரிய டிவில அது இன்னும் மோசமா இருக்கும். எடுத்தவங்க போன்ல ஒரிஜினல் இருக்கும், கேபிள் போட்டு காப்பி பண்ணிக்கோங்க, இல்ல டிரைவ்ல ஏத்தச் சொல்லுங்க, வாட்ஸ்அப்ல தான் வேற வழியில்லன்னா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, அப்படி அனுப்புனா நசுக்காம வரும். ஒவ்வொரு தடவ கன்வர்ட் பண்ணும்போதும் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்ப வராது, அதனால முடிஞ்ச வரைக்கும் ஒரிஜினல்ல இருந்து நேரா டிவிடிக்கு ஒரே தாவல்ல போகணும். ஏவிஐயா மாத்தி, அப்புறம் எம்பெக்கா மாத்தி, அப்புறம் டிவிடியா மாத்தறதுன்னு சில பேர் சொல்லித்தர்றாங்க, அது தேவையே இல்ல.

ஃபைல் கைக்கு வந்ததும் மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல போட்டு பாருங்க. பாக்க வேண்டியது நாலு விஷயம்: எவ்ளோ நேரம் ஓடுது, அகலம் உயரம் எவ்ளோ, ஃபிரேம் ரேட் எவ்ளோ, அந்த ஃபிரேம் ரேட் கான்ஸ்டன்ட்டா (ஒரே சீரா இருக்கா) வேரியபிளா (மாறிட்டே இருக்கா). பழைய கேமரா வீடியோவா இருந்தா ஸ்கேன் டைப்ங்கற எடத்துல இன்டர்லேஸ்டுன்னு (ஒவ்வொரு ஃபிரேமையும் ஒத்தை வரி, ரெட்டை வரின்னு ரெண்டு பாதியா பிரிச்சு வைக்கற பழைய முறை, அந்த பாதிக்கு பேரு ஃபீல்டு) இருக்கான்னும் பாத்துக்கோங்க. விஎல்சி பிளேயர் சாஃப்ட்வேர் இருந்தா அதுலயே டூல்ஸ் மெனுல கோடெக் இன்ஃபர்மேஷன்னு இருக்கும், பாதி விவரம் அங்கயே கெடைக்கும்.

பழைய ஹேண்டிகேம் வச்சு எடுத்த எம்பிஜி, எம்ஓடி ஃபைல் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி, அது உள்ள ஏற்கனவே எம்பெக்-2 தான் இருக்கும், பெரும்பாலும் டிவிடி அளவுலயே இருக்கும். அத மறுபடி கன்வர்ட் பண்ணவே வேண்டாம், ஆத்தரிங் சாஃப்ட்வேர்ல "காப்பி"ன்னு வச்சா அப்படியே உள்ள போயிடும், தரமும் குறையாது, நேரமும் மிச்சம். மினி டிவி (MiniDV) கேமரா டேப்ல இருந்து எடுத்து வச்ச வீடியோ வேற மாதிரி, அது மணிக்கு 13 ஜிபி கிட்ட இருக்கும், கன்வர்ட் பண்ணித்தான் ஆகணும், ஆனா இன்டர்லேஸ எடுக்காதீங்க. டிவிடியும் இன்டர்லேஸ் ஏத்துக்கும், பழைய டிவியும் அதுக்குன்னே செஞ்சது. இன்டர்லேஸ்டுன்னே வச்சு ஃபீல்டு வரிசைய மட்டும் பாட்டம் ஃபர்ஸ்ட்னு குடுங்க. வரிசை தப்பா இருந்தா கை அசைக்கற எடத்துலயெல்லாம் படம் முன்னும் பின்னும் உதறும், அத வச்சே தப்ப கண்டுபுடிச்சுடலாம்.

பாலா, என்டிஎஸ்சியா

இந்தியா, இலங்கை ரெண்டுமே பால் ஊர், அதனால பால் தான் போடணும்னு எல்லாரும் கண்ண மூடிட்டு சொல்வாங்க. முழுசா சரின்னு சொல்ல மாட்டேன். போன் வீடியோ பெரும்பாலும் செகண்டுக்கு 30 ஃபிரேம். அத 25க்கு மாத்துனா ஒவ்வொரு செகண்டுலயும் அஞ்சு ஃபிரேம தூக்கி எறியணும், கேமராவ மெதுவா திருப்பற காட்சில எல்லாம் படம் குதிச்சு குதிச்சு போகும். அதே வீடியோவ என்டிஎஸ்சில 29.97னு வச்சா அப்படியே வழுக்கிட்டு போகும். நம்ம ஊர்ல வித்த டிவிடி பிளேயர்ல பெரும்பாலானது ரெண்டையும் ஓட்டும், எல்இடி டிவி எல்லாமே ரெண்டையும் காட்டும். அதனால 30, 60 ஃபிரேம்னா என்டிஎஸ்சி, கல்யாண வீடியோகிராஃபர் 25லயோ 50லயோ எடுத்துக் குடுத்திருந்தா பால், இது தான் என் கணக்கு. ரொம்ப பழைய குண்டு டிவி, பால் மட்டும் தான் தெரியும்னா என்டிஎஸ்சி போட்டா கருப்பு வெள்ளையா வரும், இல்ல படம் உருளும், அந்த வீட்டுக்கு மட்டும் குதிச்சாலும் பரவாயில்லன்னு பால்லயே பண்ணிக் குடுங்க. சந்தேகமா இருந்தா ரெண்டு நிமிஷ துண்டு ஒன்ன ஆர்டபிள்யூ டிஸ்க்ல (அழிச்சு திரும்ப எழுதக்கூடியது) ரெண்டு விதமாவும் எரிச்சு அங்க போட்டு பாத்துடறது நல்லது.

எவ்ளோ நேரம் ஒரு டிஸ்க்ல கொள்ளும்

டிஸ்க் மேல 4.7 ஜிபின்னு போட்டிருக்கும், விண்டோஸ்ல பாத்தா 4.37னு காட்டும். ஏமாத்தல, அவங்க ஆயிரம் ஆயிரமா எண்றாங்க, விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது. இதுல எவ்ளோ பிட்ரேட் வைக்கலாம்னு கண்டுபுடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கு: 6 லட்சத்த மொத்த நிமிஷத்தால வகுங்க, வர்ற எண் தான் வீடியோவும் ஆடியோவும் சேத்து கிலோபிட் கணக்கு. டிஸ்க்ல கொஞ்சம் இடம் விட்டு தான் இந்த 6 லட்சம், அதனால தைரியமா வச்சுக்கலாம். 120 நிமிஷ வீடியோன்னா 5000, அதுல ஆடியோவுக்கு 192 ஒதுக்குனா வீடியோவுக்கு 4800. 90 நிமிஷம்னா 6600 சொச்சம். 60 நிமிஷம்னா 10000 வரும், அவ்ளோ வைக்கக்கூடாது, எரிச்ச டிஸ்க்க பழைய பிளேயர் அந்த வேகத்துல படிக்கத் திணறும், 8000த்தோட நிறுத்திக்கோங்க.

180 நிமிஷம் போட்டா 3300 தான் வரும். அங்க தான் கண்ணுக்கு தெரியற அளவுக்கு கெட்டுப்போகும், அதுவும் கல்யாண வீடியோல சீரியல் லைட்டு, ஜரிகை, அட்சதை தூவறது, மத்தாப்பு இதெல்லாம் எம்பெக்-2க்கு ரொம்ப கஷ்டமான காட்சி, சின்னச் சின்னதா நெறய அசைஞ்சா பிட்ரேட் பத்தாம கட்டம் கட்டமா உடையும். ஒரே டிஸ்க்ல அடக்கணும்னு அடம் புடிக்காம முகூர்த்தம் ஒன்னு, ரிசப்ஷன் ஒன்னுன்னு ரெண்டு டிஸ்க்கா பிரிச்சுடுங்க. 8.5 ஜிபி டூயல் லேயர் (ரெண்டு அடுக்கு) டிஸ்க் இருக்கு தான், ஆனா விலை அதிகம், பழைய பிளேயர் சிலது லேயர் மாறற எடத்துல நின்னுடும், புதுசா பண்றவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

போன் வீடியோவுக்கு மட்டும் ஒரு முன் வேலை

மீடியாஇன்ஃபோல ஃபிரேம் ரேட் மோட் வேரியபிள்னு இருந்தா (போன் வீடியோ முக்காவாசி அப்படித்தான் இருக்கும், இருட்டுல எடுக்கும்போது போன் தானா ஃபிரேம குறைச்சுக்கும்) நேரா டிவிடிக்கு மாத்துனா சில சமயம் ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் ஆயிடும். இங்க மட்டும் ஒரே தாவல்ங்கற விதிய தளத்தணும். ஹேண்ட்பிரேக்ல ஃபைல திறங்க, வீடியோங்கற டேப்ல (tab) ஃபிரேம் ரேட்ட 29.97னு வச்சு (பால் பண்றீங்கன்னா 25) கீழ கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டுன்னு குடுங்க, குவாலிட்டி எண்ண 18க்கோ 16க்கோ இறக்குங்க, அதுல எண் குறைய குறைய தரம் கூடும், ஃபைல் பெருசாகும், ஆகட்டும், இது இடைல வச்சுட்டு அழிக்கப்போற ஃபைல் தான். அளவ குறைக்காதீங்க, அது அடுத்த கட்டத்துல நடக்கும். ஐபோன்ல எடுத்த ஹெச்.265 மோவ் ஃபைல், பழைய லேப்டாப்ல திணறி ஓடற ஃபைல், இதையெல்லாமும் இப்படி ஒரு தடவ மாத்திட்டா அடுத்த வேலை சுளுவா போகும்.

ஆத்தரிங்: டிவிடிஸ்டைலர்

இலவசமா இருக்கறதுல நான் சொல்றது டிவிடிஸ்டைலர், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓடும், கன்வர்ஷன், மெனு, ஆத்தரிங், பர்னிங் நாலும் அதுக்குள்ளயே இருக்கு. அதோட சொந்த தளத்துல இருந்தே எறக்குங்க. டவுன்லோட் தளங்கள்ல கெடைக்கறதுல வேற ஏதாவது சாஃப்ட்வேர ஒட்டி வச்சிருப்பாங்க, இன்ஸ்டால் பண்ணும்போது ஒவ்வொரு திரையா படிச்சு தேவையில்லாத டிக்க எடுங்க, இது எந்த இலவச சாஃப்ட்வேருக்கும் பொருந்தும்.

திறந்ததும் புது ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பெட்டி வரும். டிஸ்க் லேபிள்ல பேரு குடுங்க, ஆங்கில எழுத்துல. டிஸ்க் கெப்பாசிட்டி 4.7 ஜிபி. வீடியோ பிட்ரேட்ட ஆட்டோல விட்டா அதுவே கணக்கு போட்டுக்கும், நேரம் கம்மியான வீடியோன்னா மேல சொன்ன கணக்குப்படி நீங்களே குடுத்துடறது நல்லது. வீடியோ ஃபார்மட் பால் இல்ல என்டிஎஸ்சி, முன்னாடியே முடிவு பண்ணியாச்சு. ஆஸ்பெக்ட் ரேஷியோ 16:9, பழைய டேப் வீடியோன்னா 4:3. ஆடியோ ஃபார்மட்ல ஏசி3 குடுங்க, அது பாலுக்கும் என்டிஎஸ்சிக்கும் ரெண்டுக்குமே பிரச்சனை இல்லாதது.

அடுத்து மெனு டெம்ப்ளேட் கேக்கும். ஒரே ஒரு வீடியோ தான்னா "நோ டெம்ப்ளேட்"னு குடுத்துடுங்க, டிஸ்க்க போட்டதும் நேரா படம் ஓடும், பெரியவங்களுக்கு அது தான் வசதி, ரிமோட்ல அம்புக்குறி தேடி அமுக்கற வேலை இல்ல. நாலஞ்சு நிகழ்ச்சி இருந்தா மட்டும் மெனு வைங்க.

இடது பக்கம் ஃபைல் பிரௌசர் இருக்கும், அங்க இருந்து வீடியோவ கீழ இருக்கற பட்டைல இழுத்துப் போடுங்க, ஒவ்வொன்னும் ஒரு டைட்டிலா உக்காரும். அது மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டிஸ் போங்க, இங்க தான் கவனமா இருக்கணும். முதல்ல கீப் ஆஸ்பெக்ட் ரேஷியோ டிக் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஆளுங்கல்லாம் குண்டாவோ ஒல்லியாவோ ஆயிடுவாங்க. போன நிமித்தி வச்சு எடுத்த வீடியோன்னா ரெண்டு பக்கமும் கருப்பா பட்டை வரும், திரைல மூணுல ஒரு பங்கு அகலத்துல தான் படம் இருக்கும். அத நெரப்பறேன்னு இழுக்காதீங்க, வெட்டுனா தலையோ காலோ போகும், அப்படியே விட்டுடறது தான் மரியாதை. அப்புறம் சாப்டர், இதே பெட்டில நேரத்த கமா போட்டு குடுத்தா அந்தந்த எடத்துல சாப்டர் விழும், ரிமோட்ல நெக்ஸ்ட் அமுக்குனா தாவும். சும்மா அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்னுன்னு வைக்காம ஒரு தடவ வீடியோவ பாத்து நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டறது, விருந்துன்னு சரியான நிமிஷத்த குறிச்சு வைங்க. அரை மணி நேரம் செலவாகும், ஆனா தாலி கட்டற எடத்த மட்டும் திரும்ப பாக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவின்னு குடுத்து பாத்தா தான் தெரியும்.

தமிழ் சப்டைட்டில்

வெளிநாட்டுல வளர்ற பிள்ளைங்க பேசறத பாட்டிக்கு புரிய வைக்கணும்னு தமிழ் சப்டைட்டில் போட நெனைக்கறவங்க இருக்காங்க. டிவிடில சப்டைட்டில் எழுத்தா இருக்காது, நாலு நிறத்துக்குள்ள வரைஞ்ச சின்ன படமா தான் இருக்கும். எஸ்ஆர்டி ஃபைல (வசனமும் அது வர்ற நேரமும் எழுதி வச்ச ஃபைல்) குடுத்தா ஆத்தரிங் சாஃப்ட்வேர் அத படமா வரையணும், அப்படி வரையும்போது தமிழ்ல கொம்பும் ஒத்தக்காலும் எடம் மாறி "கொ" "மோ" எல்லாம் உடஞ்சு வர வாய்ப்பு அதிகம். இதுக்கு நம்பகமான வழி, முன்னாடி சொன்ன ஹேண்ட்பிரேக் கட்டத்துலயே சப்டைட்டில் டேப்ல எஸ்ஆர்டிய இம்போர்ட் பண்ணி "பர்ன் இன்"னு டிக் பண்ணிடறது. எஸ்ஆர்டி ஃபைல் யூடிஎஃப்-8ல சேவ் ஆகியிருக்கணும், பழைய டிஸ்கி, பாமினி எழுத்துல இருந்தா மொதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க. படத்தோட ஒட்டிடறதால ரிமோட்ல ஆஃப் பண்ண முடியாது, அது ஒன்னு தான் குறை. முழுசா மாத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷத்த மட்டும் மாத்தி எழுத்து ஒழுங்கா வருதான்னு பாத்துடுங்க. மெனுலயும் இதே பிரச்சனை வரலாம், பட்டன்ல தமிழ் உடஞ்சா பேக்ரவுண்ட் படத்துலயே தமிழ்ல தலைப்ப எழுதி அந்த படத்த மெனுக்கு வச்சுடுங்க.

ஐஎஸ்ஓ பண்ணி பாத்துட்டு எரிங்க

எல்லாம் முடிஞ்சதும் பர்ன் பட்டன அமுக்குனா ஒரு பெட்டி வரும், அதுல நேரா பர்ன்னு குடுக்காதீங்க, "கிரியேட் ஐஎஸ்ஓ இமேஜ்"ங்கறத தேர்ந்தெடுங்க, ஐஎஸ்ஓன்னா முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலா இருக்கறது. டெம்ப் ஃபோல்டர் இருக்கற டிரைவ்ல குறைஞ்சது 15 ஜிபி காலியா இருக்கணும், இடம் பத்தாம பாதில நின்னு போறது ரொம்ப சகஜம். கன்வர்ட் ஆக நேரம் எடுக்கும், பழைய லேப்டாப்ல ராத்திரி போட்டுட்டு தூங்கப் போறது நல்லது, ஸ்லீப் மோட மட்டும் ஆஃப் பண்ணிட்டு போங்க.

வந்த ஐஎஸ்ஓவ விஎல்சில திறங்க. மெனு ஓடுதா, ஒவ்வொரு டைட்டிலும் ஆரம்பத்துலயும் நடுவுலயும் கடைசிலயும் சத்தம் வாயோட பொருந்துதா, முகம் ஒழுங்கா இருக்கா, சாப்டர் தாவுதா, எல்லாம் இங்கயே பாத்துடணும். இங்க தப்புன்னா டிஸ்க்லயும் தப்பு தான், இங்க திருத்துனா காசு போகாது.

டிஸ்க் வாங்கும்போது மைனஸ் ஆர், பிளஸ் ஆர்னு ரெண்டு வகை இருக்கும். மைனஸ் தான் மூத்தது, 1997ல வந்தது, பிளஸ் 2002ல. ரொம்ப பழைய பிளேயர்னா மைனஸ் ஆர் வாங்குங்க, மத்ததுக்கு எது கெடைச்சாலும் சரி. ஆர்டபிள்யூ சோதனை பண்ணிப் பாக்க மட்டும், குடுக்கறதுக்கு வேண்டாம், அத பல பிளேயர் படிக்காது. லேப்டாப்ல டிவிடி டிரைவ் இல்லன்னா வெளிய மாட்டற யுஎஸ்பி ரைட்டர் போதும், ஆனா அத ஹப்ல மாட்டாம நேரா லேப்டாப்ல மாட்டுங்க, பவர் பத்தலன்னா நடுவுல விட்டுப்போய் டிஸ்க் வீணாகும்.

விண்டோஸ்ல தனி சாஃப்ட்வேர் கூட வேண்டாம், ஐஎஸ்ஓ மேல ரைட் கிளிக் பண்ணுங்க, "பர்ன் டிஸ்க் இமேஜ்"னு இருக்கும், 11ல "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" உள்ள போனா தெரியும். வெரிஃபை டிக்க கண்டிப்பா போடுங்க. வேகத்த நம்ம கைல வச்சுக்கணும்னா இம்க்பர்ன்ங்கற சாஃப்ட்வேர், லினக்ஸ்ல கே3பி. 16எக்ஸ்னு போட்ட டிஸ்க்க 8எக்ஸ்ல எரிச்சா பத்து நிமிஷம் சொச்சம் ஆகும், அது போதுமான நிதானம், 1எக்ஸ் 2எக்ஸ்னு எறக்குனா இன்னும் நல்லா வரும்ங்கறது இப்பத்திய டிஸ்க்குக்கு பொருந்தாது. ஐஎஸ்ஓவ டிஸ்க் ஃபோல்டருக்குள்ள இழுத்துப் போட்டு எரிச்சுடாதீங்க, அப்படி பண்ணா டிஸ்க்குள்ள ஐஎஸ்ஓன்னு ஒரு ஃபைல் தான் இருக்கும், படம் இருக்காது. எரிச்ச டிஸ்க்க கம்ப்யூட்டர்ல திறந்தா வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் தெரியணும்.

பிளேயர்ல போட்டும் சரியில்லன்னா

டிஸ்க்கே இல்லங்குதுன்னா வீடியோ_டிஎஸ் இருக்கான்னு பாருங்க, இருந்தா டிஸ்க் ஃபைனலைஸ் ஆகாம (எழுதி முடிச்சு மூடாம) இருக்கலாம், இல்ல அந்த பிளேயருக்கு பிளஸ் ஆர் ஆகல, மைனஸ் ஆர்ல போட்டு பாருங்க. படம் வந்து சத்தம் வரலன்னா ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி3யா இருக்கான்னு பாருங்க, அது சரின்னா பிளேயர் செட்டப்ல டிஜிட்டல் அவுட்டுன்னு இருக்கறத பிசிஎம்னு மாத்துங்க. ஆரம்பம் எல்லாம் நல்லா ஓடி கடைசி இருபது நிமிஷத்துல சிக்கி சிக்கி ஓடுதுன்னா டிஸ்க்கோட வெளி ஓரம் ஒழுங்கா எரியல, டிஸ்க் உள்ள இருந்து வெளிய தான் எழுதப்படும், பழைய லென்ஸ் அந்த ஓரத்துல தான் தடுமாறும், வேற கம்பெனி டிஸ்க்ல, 300, 400 எம்பி காலி விட்டு திரும்ப எரிச்சா பெரும்பாலும் சரியாயிடும். ஊரெல்லாம் டிஸ்க் ஓடி ஒரு வீட்ல மட்டும் ஓடலன்னா அந்த பிளேயரோட லென்ஸ் தான். ரீஜன் (எந்தப் பக்கத்து நாட்டு பிளேயர்ல ஓடலாம்ங்கற பூட்டு) பத்தி சில பேர் பயப்படுவாங்க, கடைல வாங்கற டிஸ்க்குக்கு நம்ம பக்கம் ரீஜன் 5, நாம பண்றதுல எல்லா ரீஜனும்னு தான் வரும், அதனால துபாய்ல இருக்கற தம்பிக்கு அனுப்புனாலும் ஓடும்.

டிஸ்க் மேல பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, ஒரு பக்கம் எடை கூடி சுத்தும்போது ஆடும், வெயில் காலத்துல சுருங்கி டிஸ்க்கையே வளைக்கும். சிடி மார்க்கர்னே கடைல கெடைக்கும், அதுல எழுதுங்க, பால் பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம். பெட்டில போட்டு நிமித்தி வைங்க, டிவி மேல வெயில் படற எடத்துல வைக்காதீங்க.

இன்னொன்னு, டிவிடி பண்ணியாச்சேன்னு போன்ல இருக்கற ஒரிஜினல அழிச்சுடாதீங்க. 1920×1080ல இருந்தத 720×576க்கோ 480க்கோ எறக்கிருக்கோம், அஞ்சுலயோ ஆறுலயோ ஒரு பங்கு புள்ளி தான் டிஸ்க்ல இருக்கு, அது பாக்கறதுக்கான காப்பி. ஒரிஜினல ஹார்ட் டிஸ்க்ல ஒன்னு, வேற எடத்துல ஒன்னுன்னு வைங்க. ஐஎஸ்ஓவையும் கூடவே வச்சுக்கோங்க, சித்தி வீட்டுக்கு ஒன்னு, சம்பந்தி வீட்டுக்கு ஒன்னுன்னு கேப்பாங்க, அப்ப கன்வர்ட் பண்ற வேலை எதுவும் இல்ல, காலி டிஸ்க்க போட்டு நேரா எரிச்சு குடுத்துடலாம்.